பல்லில் காவிக்கோடு விழுந்தால் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

பள்ளிக்கூடத்துக்கு வந்த மருத்துவக் குழு உங்கள் பிள்ளையின் அட்டையில் 'டென்டல் புளோரோசிஸ்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறதா? அல்லது பொம்மிடியில் ரயிலேறிச் சேலம் போய்ப் பல் டாக்டரைப் பார்த்தபோது அவரும் அதே பெயரைச் சொன்னாரா? பயப்பட வேண்டாம். அதற்காக அந்த அட்டையை மடித்து அலமாரியில் போட்டுவிடவும் வேண்டாம். பிள்ளையின் பல்லுக்கு வைத்த பெயர்தான் அது. ஆனால் நீங்கள் உடனே பார்க்க வேண்டியது உங்கள் வீட்டுத் தண்ணீரை.

அது என்ன கோளாறு?

புளோரைடு என்பது பாறையிலிருந்து கரைந்து தண்ணீரில் சேரும் ஓர் உப்பு. கொஞ்சமாக இருந்தால் பல்லுக்கு நல்லது. பல் இன்னும் ஈறுக்குள்ளேயே உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் அது அளவுக்கு மிஞ்சி உடம்பில் சேர்ந்தால், பல்லின் வெள்ளை மேல்பூச்சு (எனாமல்) சரியாகக் கெட்டிப்படாது. கிருமியால் வருவதில்லை, பல் தேய்க்காததாலும் வருவதில்லை. பல் உருவாகும்போதே நேர்ந்துவிடும் வளர்ச்சிக் கோளாறு இது.

உள்ளே என்னதான் நடக்கிறது? எனாமலை உருவாக்கும் செல்கள் முதலில் புரதத்தால் ஒரு வலை பின்னுகின்றன. பிறகு அந்தப் புரதத்தை மெல்ல அகற்றி, அந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்தை நிரப்புகின்றன. புளோரைடு கூடினால் புரதம் வெளியேறுவது தாமதமாகிறது. நிரம்ப வேண்டிய இடம் நிரம்பாமல் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் தங்கிவிடுகின்றன. அந்தப் பல் முளைக்கும்போது சுண்ணக்கட்டி தேய்த்ததுபோல் வெளுப்பாக இருக்கும். போகப் போகச் சாப்பாட்டின் நிறமும் டீயின் நிறமும் துளைகளில் ஏறி மஞ்சளாகும், பிறகு காவியாகும். அதனால்தான் "முளைக்கும்போது வெள்ளையாத்தான் இருந்துச்சுங்க, அப்புறம்தான் கறை புடிச்சுது" என்று பல தாய்மார்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. கறை பின்னால் வந்தது. கோளாறு முன்பே வந்துவிட்டது.

எந்த வயதில் வருகிறது?

கடைவாயில் கடைசியாக முளைக்கும் அறிவுப் பல்லை விட்டுவிட்டால், நிரந்தரப் பற்களின் மேல்பகுதி எல்லாம் பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உள்ளேயே உருவாகி முடிந்துவிடும். சிரிக்கும்போது தெரியும் மேல் முன்பற்களுக்கு முதல் மூன்று நான்கு ஆண்டுகள்தான் முக்கியம். ஆகவே ஏழு வயதில் முளைத்த முன்பல்லில் காவிக்கோடு தெரிந்தால், அது இன்று குடிக்கும் தண்ணீரால் வந்ததல்ல. பிள்ளை நடை பழகிய காலத்தில் குடித்த தண்ணீரால் வந்தது. அப்போது எங்கே இருந்தீர்கள் என்று யோசியுங்கள். பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தீர்களா, திருப்பூரில் பனியன் கம்பெனியிலா, இல்லை பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டிருந்தீர்களா? பாட்டி வீட்டு போர் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பால் பற்கள் பெரும்பாலும் தாய் வயிற்றிலும் முதல் ஆண்டிலும் உருவாகிவிடுவதால் அவற்றில் கறை குறைவாகவே தெரியும். "பால் பல்லு முத்து மாதிரி இருந்துச்சே" என்ற ஆச்சரியத்துக்கு இதுதான் விளக்கம். எட்டு வயதைத் தாண்டிய பிறகு ஒருவர் இந்தத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கினால் பல்லில் புதிதாக எதுவும் வராது. எலும்பு கதை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இது பரம்பரையா? தொற்றுமா?

இரண்டும் இல்லை. அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே கறை இருப்பது, இருவரும் ஒரே கிணற்றில் குடித்ததால். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டு "வம்சத்துல ஏதோ இருக்கு" என்று நழுவுவது நம் பக்கத்தில் நடக்காததல்ல. கறைப்பல் உள்ள பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தை நல்ல தண்ணீர் குடித்து வளர்ந்தால் அதன் பல் நன்றாகவே இருக்கும்.

எல்லாக் கறையும் இதுதானா?

இல்லை. வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பிள்ளையை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, பல்லைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். புளோரோசிஸ் என்றால் கோடுகள் பெரும்பாலும் பல்லுக்குக் குறுக்கே ஓடும். இடது பக்கப் பல்லில் இருப்பது வலது பக்க ஜோடிப் பல்லிலும் ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கும். இரண்டும் ஒரே காலத்தில் உருவானவை என்பதால்தான். நகத்தால் சுரண்டினால் போகாது. ஈறு ஓரமாக மட்டும் படிந்து, சுரண்டினால் உதிர்வது வெறும் காரை. ஒரே ஒரு பல்லில் குழி விழுந்து கருத்திருந்தால் பெரும்பாலும் சொத்தை. பெரியவர்களுக்கு ஈறோரம் பழுப்பேறியிருந்தால் வெற்றிலை, புகையிலையைச் சந்தேகியுங்கள்.

சில சமயம் டாக்டர் 'எனாமல் ஹைப்போபிளேசியா' (மேல்பூச்சு போதுமான அளவு உருவாகாமை) என்று எழுதியிருப்பார். அது கைக்குழந்தைப் பருவத்தில் வந்த கடும் காய்ச்சல், சத்துக்குறைவு, குறைமாதப் பிறப்பு போன்றவற்றாலும் வரலாம். அப்படியானால் தண்ணீரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆகவே டாக்டரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்: "இது தண்ணியால வந்ததுங்களா, வேற காரணமா?"

நம் தருமபுரி மாவட்டத்துக்கு மட்டும் ஏன்?

நமக்கு மட்டும் இல்லை. நமக்குச் சற்று அதிகம். தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்கடியில் இருப்பது கருங்கல்லும் அதன் இனப் பாறைகளும். அவற்றிலுள்ள சில கனிமங்களில் புளோரைடு இருக்கிறது. மழை குறைந்து, தண்ணீர் பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தேங்கி நிற்கும்போது அது கரைந்து இறங்குகிறது. கிணறு வற்றி, போர் போட்டு, அதுவும் வற்றி இன்னும் ஆழமாகப் போகப் போக, நெடுங்காலம் பாறையோடு கிடந்த தண்ணீரையே நாம் மேலே இழுக்கிறோம்.

தென்னிந்தியாவில் இதை முதலில் எழுத்தில் பதிந்தவர்கள், சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட் போன்ற ஆய்வாளர்கள். ஆண்டு 1937. இடம் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டம். இந்திய அரசு 2008-09-இல் தேசிய புளோரோசிஸ் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நடுவில் கழிந்த எழுபது ஆண்டுகளைப் பற்றி நான் என்ன சொல்ல?

நமக்குப் பெரிய மாற்றம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால் வந்தது. அதன் முழுப் பெயரிலேயே 'புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்ற சொற்கள் இருக்கின்றன. 2008 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பி, அந்த ஏப்ரலில் கொஞ்ச காலம் நிறுத்தியும் வைக்கப்பட்டது. ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாய்த் திட்டமாக 2013 மே மாதம் முதல்வர் ஜெயலலிதா அதைத் தொடங்கிவைத்தார். குழாயில் வருவது காவிரித் தண்ணீர். அதில் புளோரைடு குறைவு.

அதுதான் குழாயில் வருகிறதே, இனி என்ன கவலை?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒகேனக்கல் தண்ணீர் உங்கள் தெருவுக்கு வருவது ஒரு விஷயம். அது உங்கள் வயிற்றுக்குள் போவது வேறு விஷயம்.

ஒரு சராசரி வீட்டுச் சமையலறையைப் பாருங்கள். குடிக்க ஒரு குடம் ஒகேனக்கல் தண்ணீர், அதற்குத் தனி மூடி, தனி சொம்பு. சோறு வடிக்க, பருப்பு வேக, களி கிண்ட, மாவு அரைக்க எல்லாம் போர் தண்ணீர். "குடிக்கறதுக்கு மட்டும் நல்ல தண்ணி போதும் கண்ணு, சமையலுக்குத்தான் கொதிக்குதே" என்பார் வீட்டுப் பெரியம்மா. கொதித்தால் கிருமி சாகும். புளோரைடு சாகாது, ஆவியோடு போகவும் போகாது. ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்த தண்ணீரைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சினால், மிஞ்சியதில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் இருக்கும். சோறு வடித்தால் கஞ்சியோடு கொஞ்சமாவது வெளியேறும். கேழ்வரகுக் களிக்கு ஊற்றிய தண்ணீரோ அப்படியே உருண்டைக்குள் இருக்கும். ஆகவே நல்ல தண்ணீர் குறைவாகத்தான் கிடைக்கிறது என்றால் அதைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவப் போர் தண்ணீர் தாராளமாகப் போதும். தோல் வழியாக இந்தத் தண்ணீரின் புளோரைடு உடம்பில் ஏறாது.

அடுத்து, மேல்நிலைத் தொட்டியில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். ஆற்றுத் தண்ணீர் போதாத நாட்களில் போர் தண்ணீரையும் அதே தொட்டியில் ஏற்றிக் கலந்து விட்டால், குழாயில் வருவது இரண்டின் கலவை. கலப்பது தன்னளவில் தவறில்லை, கணக்குப் பார்த்துக் கலந்தால். ஆற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், போரில் 3 என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 1.65 வரும். அது குடிநீருக்கான வரம்பைத் தாண்டிவிட்டது (வரம்பு எவ்வளவு என்று கீழே சொல்கிறேன்). நாலில் மூன்று பங்கு ஆற்றுத் தண்ணீர் என்றால் 0.98-க்கு இறங்கிவிடும்.

மூன்றாவது, வீட்டுக்கு வெளியே. பிள்ளை பகலெல்லாம் இருப்பது அங்கன்வாடியில் அல்லது பள்ளியில். சத்துணவு எந்தத் தண்ணீரில் வேகிறது? தோட்ட வேலைக்குப் போகிறவர் மோட்டார் கொட்டாயில் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்?

வரம்பு எவ்வளவு?

இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் 1.5-தான். இது எவ்வளவு சிறிய அளவு தெரியுமா? ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் ஒரே ஒரு கிராம் உப்பைக் கரைத்தால் கிடைப்பதுதான் லிட்டருக்கு 1 மில்லிகிராம். நாக்கில் தெரியாது, நிறமோ வாசனையோ இருக்காது. "எங்க போர் தண்ணி இளநி மாதிரி இருக்கும்" என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. இப்படிப்பட்ட வரம்புகள் பொதுவாக ஆள் ஒருவர் நாளைக்குச் சுமார் 2 லிட்டர் குடிப்பார் என்ற கணக்கில் வருபவை. சித்திரை வெயிலில் கரும்பு வெட்டுகிறவர் 5 லிட்டர் குடிப்பார். வரம்புக்குள் இருக்கும் தண்ணீரே அவருக்கு இரட்டிப்புக்கு மேல் புளோரைடைக் கொண்டுபோகும். அதனால் 1.5-ஐ 'பாதுகாப்பு' என்று எண்ணாமல், 1-க்குக் கீழே இருக்கும் தண்ணீரையே தேடுங்கள் என்பது என் கருத்து.

என் போரில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சோதித்துத்தான். பக்கத்து வீட்டுக்காரர் சோதித்துவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள்; அவருடைய போர் ஒரு பாறை வெடிப்பிலிருந்தும் உங்களுடையது வேறொன்றிலிருந்தும் தண்ணீர் எடுக்கலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வகம் இருக்கிறது. ஊராட்சிகளுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியும் கொடுத்திருக்கிறார்கள். மருந்து விட்டு நிறம் மாறுவதைப் பார்த்து ஏறக்குறைய அளவு சொல்லிவிடலாம். முதலில் ஊராட்சியில் கேளுங்கள். பெட்டியில் வரம்புக்கு மேலே காட்டினால் ஆய்வகத்துக்குக் கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

தண்ணீர் எடுக்கும் முறையும் முக்கியம். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியிருந்தது போன பிறகு பிடியுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில். அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு ஒரு லிட்டர் பிடித்து, ஊர், தெரு, போரின் ஆழம், தேதி எழுதி ஒட்டுங்கள். கோடையில் ஒரு முறை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு முறை பார்த்தால் ஏற்ற இறக்கம் தெரியும்.

வாட்டர் பில்டர் விற்க வருகிறவர் பேனா போன்ற ஒரு கருவியைத் தண்ணீரில் விட்டு எண் காட்டுவாரே, அது போதாதா? போதாது. அது டி.டி.எஸ். மீட்டர் (கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் கருவி). மொத்த உப்பு நூற்றுக்கணக்கில் இருக்கும். அதில் புளோரைடு ஒன்றோ இரண்டோ. எண் குறைவாக இருக்கும் தண்ணீரிலும் புளோரைடு கூடுதலாக இருக்கலாம். கேன் தண்ணீர் வாங்கினாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: "புளோரைடு எவ்வளவுன்னு ரிப்போர்ட் இருக்குங்களா?"

எந்த பில்டர் வாங்குவது?

மெழுகுவத்தி போன்ற பீங்கான் குழாய் வைத்த பில்டரும், புற ஊதா விளக்கு வைத்ததும் புளோரைடை நீக்காது. ஆர்.ஓ. (சவ்வு வழியே அழுத்தி வடிகட்டும் முறை) பெரும்பகுதியை நீக்கிவிடும். ஆனால் ஊற்றும் தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாகப் போகும், மின்சாரம் வேண்டும், சவ்வு பழசானால் வேலை குறையும். கழிவுத் தண்ணீரில் புளோரைடு இன்னும் செறிந்திருக்கும். அதில் பாத்திரம் தேய்க்கலாம், மாட்டுக்குக் காட்டக் கூடாது. மாட்டுக்கும் பல் தேயும், கால் பிடிக்கும். சவ்வு தேறுமா என்று அவ்வப்போது பார்க்க மட்டும் அந்த டி.டி.எஸ். பேனா உதவும்.

அலுமினா மணிகள் நிரப்பிய வடிகட்டி என்று ஒன்றும் உண்டு. அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மணிகளை அவ்வப்போது மருந்து விட்டுப் புதுப்பிக்க வேண்டும். அதை யாரும் செய்யாததால்தான் பல ஊர்களில் அப்படிப்பட்ட கருவிகள் துருப்பிடித்து நிற்கின்றன. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளியவைக்கும் 'நல்கொண்டா முறை'யை நாக்பூரிலுள்ள நீரி ஆய்வு நிறுவனம் 1970-களில் வகுத்தது. அளவு பார்த்துச் செய்ய ஆள் இருக்கும் இடத்தில்தான் அது சரிப்படும். வீட்டில் குடத்துக்குள் படிகாரத்தைச் சுழற்றினால் கலங்கல் தெளியும், அவ்வளவுதான்.

செலவில்லாத வழி மழைநீர். அதில் புளோரைடு ஏறக்குறைய இல்லை. முதல் மழையில் கூரையைக் கழுவவிட்டு, அடுத்த மழையைத் துணியில் வடிகட்டி மூடிய தொட்டியில் பிடித்து, காய்ச்சிக் குடிக்கலாம். 2003-இல் கட்டாயமாக்கினார்களே என்று பெயருக்கு வெட்டிய மழைநீர்க் குழியைத் தூர்வாரினால் போரில் இறங்கும் தண்ணீரும் கொஞ்சம் நீர்க்கும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில்?

தாய் எந்தத் தண்ணீர் குடித்தாலும் தாய்ப்பாலில் புளோரைடு மிகக் குறைவாகத்தான் இறங்கும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது இங்கே பல்லுக்கும் காவல். பவுடர் பால் கரைப்பதானாலும், கேழ்வரகுக் கூழ் காய்ச்சுவதானாலும் கட்டாயம் நல்ல தண்ணீரில் செய்யுங்கள். வீட்டில் ஒரு குடம்தான் நல்ல தண்ணீர் என்றால், அதில் முதல் பங்கு எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு. பெரியவர்களுக்கு மிச்சம்.

சாப்பாட்டில் என்ன செய்யலாம்?

சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) வயிற்றில் இருந்தால் புளோரைடு உடம்பில் ஏறுவது குறையும். நம் கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் மிகச் சிறு பங்குதான். பால், மோர், முருங்கைக்கீரை, நெல்லிக்காய் எல்லாம் நல்லவை. சுண்ணாம்புச் சத்து குறைந்த பிள்ளைகளுக்குத்தான் பாதிப்பு கடுமையாகிறது. அன்று ஆந்திரத்தில் இருந்த நல்கொண்டாவில் முட்டி உள்பக்கம் வளைந்த பிள்ளைகளைப் பற்றி ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1973-இல் எழுதினார்கள். குறைக்க வேண்டியவை கடும் டீயும் கறுப்பு உப்பும். இரண்டிலும் புளோரைடு உண்டு. சிறு பிள்ளைக்கு டீ வேண்டவே வேண்டாம்.

புளியைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். அதே ஹைதராபாத் நிறுவனத்தார் பள்ளிச் சிறுவர்களுக்குப் புளி கொடுத்துப் பார்த்ததில், சிறுநீரில் வெளியேறும் புளோரைடு கூடியது உண்மை. புளிக்குழம்பு சாப்பிடுங்கள். அதை நம்பிப் போர் தண்ணீரைத் தொடராதீர்கள்.

பேஸ்டிலும் புளோரைடு இருக்கிறதே?

இருக்கிறது, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம். பல்லின் மேல் பட்டுவிட்டுத் துப்பினால் அது சொத்தையைத் தடுக்கும், விழுங்கினால்தான் தொல்லை. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பட்டாணி அளவுக்கு மேல் வைக்காதீர்கள், துப்பத் தெரியாத குழந்தைக்குப் பிரஷ்ஷில் தடவியும் தடவாமலும் போதும். பக்கத்தில் நின்று துப்ப வையுங்கள்.

வந்துவிட்ட கறை போகுமா?

தானாகப் போகாது. செங்கல் பொடி, கரி, உப்பு, எலுமிச்சை என்று தேய்த்தால் கறையோடு எனாமலும் போகும். பிறகு கூச்சம் வேறு. மெல்லிய வெள்ளைக் கோடுகள் மட்டும் என்றால் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. காவி ஏறி, பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் நிலை என்றால் பல் டாக்டரால் உதவ முடியும். மேலோட்டமான கறையை மருந்து வைத்து மெல்லத் தேய்த்து எடுப்பார்கள் (மைக்ரோ அப்ரேஷன்). ஆழமானதற்குப் பல் நிறப் பூச்சு வைப்பார்கள். குழி விழுந்து உடையும் பல்லுக்கு உறை போடுவார்கள். பூச்சு சில ஆண்டுகளில் தேயும், மறுபடி போட வேண்டிவரும் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பதின் வயதில் எல்லாப் பல்லும் முளைத்து ஈறு நிலைத்த பிறகு உறை போன்ற பெரிய வேலைகளுக்குப் போகலாம், அவசரப்பட வேண்டாம். தனியாரிடம் போகுமுன் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவைப் பார்த்துவிடுங்கள்.

பெரியவர்களின் மூட்டு வலியும் இதுதானா?

இருக்கலாம், எல்லாம் அல்ல. பல்லைப் போலல்லாமல் எலும்பில் புளோரைடு வாழ்நாள் முழுதும் சேர்ந்துகொண்டே போகும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு முதுகும் கழுத்தும் விறைக்கும், மூட்டு வலிக்கும், தசைநார்கள் எலும்புபோல் இறுகும் (எலும்பு புளோரோசிஸ்). வீட்டிலேயே மூன்று செய்து பார்க்கலாம். முட்டியை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் காசை எடுக்க முடிகிறதா? முகவாயை நெஞ்சில் தொடவைக்க முடிகிறதா? இரு கையையும் பக்கவாட்டில் நீட்டி மடக்கிப் பின்னந்தலையைத் தொட முடிகிறதா? முடியவில்லை என்றால் அதுவே புளோரோசிஸ் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், வாத நோய்களிலும் இப்படி வரும். டாக்டரிடம் போகும்போது எத்தனை வருடமாக எந்தத் தண்ணீர் என்பதையும், தண்ணீர் ரிப்போர்ட்டையும் காட்டுங்கள். முன்கை எக்ஸ்ரேயும் சிறுநீர்ப் பரிசோதனையும் பார்த்து அவர் சொல்வார்.

இறுகிய எலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை. தண்ணீரை மாற்றினால் மேலும் ஏறுவது நிற்கும், வலியும் பலருக்குக் குறையும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் வீட்டில் இருந்தால் அவருக்கு முதலில் மாற்றுங்கள். உடம்பில் சேரும் புளோரைடை வெளியே தள்ளுவது சிறுநீரகம்தான். அது தளர்ந்தால் எல்லாம் உள்ளேயே தங்கும்.

யாரிடம் கேட்பது?

பொம்மிடி ரயில் நிலையத்தைச் சுற்றிப் பி.மல்லாபுரம் பேரூராட்சிக்குள் இருப்பவர்கள் செயல் அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். சுற்றியுள்ள கிராமத்தார் கிராம சபையில் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடுகிறது. "நல்ல தண்ணீர் வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: எங்கள் தெருத் தொட்டியில் போர் தண்ணீர் கலக்கப்படுகிறதா? கலந்தால் எந்த விகிதத்தில்? அந்தத் தொட்டித் தண்ணீரின் புளோரைடு அளவு கடைசியாக எந்தத் தேதியில் பார்க்கப்பட்டது, எவ்வளவு இருந்தது? அங்கன்வாடிக்கும் பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்கும் தனியாக ஒகேனக்கல் இணைப்பு இருக்கிறதா? ஒகேனக்கல் தண்ணீர் வராத நாட்களில் அங்கே சமைப்பது எந்தத் தண்ணீரில்? பதிலை எழுத்தில் கேளுங்கள். உங்கள் போரின் ஆய்வக ரிப்போர்ட்டும் பிள்ளையின் அட்டையும் ஒவ்வொரு நகல் எடுத்து மனுவோடு இணைத்துவிடுங்கள்.